ஏ.சி.எல். அறுவை சிகிச்சை: முறைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ஏ.சி.எல். தசைநார் முழுதாக அறுந்தால், பெரும்பாலும் அதைத் தைத்து ஒட்டுவதில்லை. உடலில் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். எந்த நாண் நல்லது என்பதிலேயே ஒப்பீடு நின்றுவிடுகிறது.

ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்த வலிமையை நம்பி முடிவெடுக்காதீர்கள். இளவயதினரின் இயல்பான ஏ.சி.எல். சுமார் 2,160 நியூட்டன் இழுவிசை தாங்கும். நான்காக மடித்த ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) நாண் அதைவிட மிக அதிகம் தாங்கும். ஆனால் ஆரம்ப வாரங்களில் நெகிழ்வது நாண் அல்ல, அது எலும்பில் பிடித்திருக்கும் இடம். முட்டிச்சில்லுக்குக் கீழே, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கும் நாண் 6 முதல் 8 வாரத்தில் எலும்போடு ஒட்டிவிடும். வெறும் நாண் எலும்பில் பிடிக்க 8 முதல் 12 வாரம் ஆகும்.

ஹாம்ஸ்ட்ரிங் என்றால் கேட்க வேண்டியது தடிமன். மடித்துத் தைத்த நாணை, அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் துளைகள் உள்ள அளவுக்கட்டையில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார்கள். எதில் கச்சிதமாக நுழைகிறதோ அதுவே அளவு. 8 மி.மீ.க்குக் குறைந்தால், அதிலும் 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மறுபடி அறும் ஆபத்து கூடுகிறது. "எட்டு வரலைன்னா என்ன பண்ணுவீங்க, டாக்டர்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். ஐந்தாகவோ ஆறாகவோ மடிப்பார்களா, தொடை முன்தசை நாணுக்கு மாறுவார்களா என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தொழுகையிலோ தேவாலயத்திலோ தினமும் மண்டியிடுபவருக்கு, சில்லுக்குக் கீழே நாண் எடுத்த இடம் நீண்ட நாள் வலிக்கக்கூடும். ஹாம்ஸ்ட்ரிங் எடுத்தால் காலை ஆழமாக மடக்கும் பலம் கொஞ்சம் குறையும். விளையாடும் இளைஞருக்குக் கொடையாளர் நாண் (வேறொருவர் உடலிலிருந்து எடுத்தது) வேண்டாம்; அது அறும் விகிதம் அதிகம்.

முறையின் பெயரைவிடத் துளையின் இடம் முக்கியம். கீழ்க்கால் எலும்புத் துளை வழியாகவே தொடை எலும்பையும் துளைத்தால், நாண் செங்குத்தாக நின்றுவிட வாய்ப்புண்டு. அப்போது கால் முன்னே நகர்வது நிற்கும், திரும்பும்போது மூட்டு நழுவுவது நிற்காது. முழங்காலின் முன் உட்புறத்தில் தனி வழி போட்டுத் துளையிட்டால் சரியான இடம் எளிதில் கிடைக்கும். ஆனால் முழங்காலைச் சுமார் 120 டிகிரி மடக்காவிட்டால் துளை குட்டையாகலாம், துளையின் பின்பக்க எலும்புச் சுவர் உடையலாம். இரண்டையும் கைப்பழக்கம் உள்ளவர் செய்தால்தான் பலன்.

ஆய்வு முடிவு யாருக்குரியது என்று பாருங்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங் நாணுடன், முழங்காலின் வெளிப்பக்கத்தில் கூடுதலாக ஒரு திசுப் பட்டையையும் எலும்பில் பொருத்தியபோது, 2 ஆண்டுகளில் நாண் அறுந்தது 11 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தது. அதில் இருந்தவர்கள் 25 வயதுக்கு உட்பட்ட, ஆபத்து அதிகமுள்ளவர்கள். நடைப்பயிற்சி மட்டும் செய்யும் 45 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

"இந்த முறையில் 5 மாதத்திலேயே கபடி ஆடலாம்" என்ற பேச்சை வைத்தும் ஒப்பிடாதீர்கள். எந்த நாணாக இருந்தாலும் 9 மாதத்துக்கு முன் களமிறங்கக் கூடாது. தொடை முன்தசை பலமும் மறுகாலோடு ஒப்பிட 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும்.