பிக்சல் ஆர்ட் வரையப் போறீங்களா? பிரஷ்ஷைத் தொடாதீங்க

பிக்சல் என்னும் சின்னக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி வரைவதுதான் பிக்சல் ஆர்ட். அதற்கு 32-க்கு 32 பிக்சல் கேன்வாஸ், 1 பிக்சல் பென்சில் டூல், ஆன்டி-அலியாசிங் (ஓரத்தை மழுப்பும் வசதி) ஆஃப். வரைந்து முடித்துப் பெரிதாக்கும்போது 'நியரஸ்ட் நெய்பர்' (புது நிறம் கலக்காமல் பிக்சலை அப்படியே பெரிதாக்கும் முறை), அதுவும் 2, 4, 8 என்று முழு மடங்கில் மட்டும். சேமிப்பது பிஎன்ஜி-யில், ஜேபெக் ஓரமெல்லாம் அழுக்காக்கிவிடும்.

பிரஷ் ஓரத்தை மழுப்புவதற்காக நீங்கள் கேட்காத இடைநிறங்களைத் தானே சேர்த்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதற்குள் பொழுது போய்விடும். சென்னிமலைப் பக்கம் தறிக்கு டிசைன் போடுவதற்கு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்களே, அதே கணக்குதான்: கட்டம் நிறையணும், இல்லையென்றால் காலியாக இருக்கணும். அரைக்கட்டம் கிடையாது.

காங்கேயம் காளையின் கொம்பையே எடுத்துக்குங்க. வளைவில் படிக்கட்டு மாதிரி வரும் படிகளின் நீளம் 1, 3, 2 பிக்சல் என்று விழுந்தால் கொம்பு ஒடிந்த மாதிரி தெரியும். அந்த 3 பிக்சலில் ஒன்றை அடுத்த படிக்குத் தள்ளி 1, 2, 3 ஆக்குங்க, வளைவு சீராகிவிடும். இப்படி ஒரு பிக்சலுக்காக யோசித்து வைப்பதைத்தான் பிக்சல் ஆர்ட் என்கிறோம். போட்டோவை ஃபில்டரில் போட்டுக் கட்டமாக்கியது அந்தக் கணக்கில் வராது, என்னதான் அழகாக இருந்தாலும்.

இடைநிறத்தை நீங்களே பார்த்துக் கையால் வைத்தால் தப்பில்லை. பிளெக்ஸ் பேனர், கடை லோகோ மாதிரி வேலைகளுக்கு இது எதுவும் வேண்டாம். அங்கே எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத வெக்டர் படம்தான் சரி.