ஊரில் ஒரு விவசாயிகள் சந்தை நடத்துவது எப்படி?

பல்லடம் பக்கம் நாங்கள் சில பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்தும் சந்தைக்கு வந்துவிட்டு, "எங்க ஊர்லயும் இப்படி ஆரம்பிக்கலாமுங்களா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக ஆரம்பிக்கலாம். இடம், பந்தல், தராசு எல்லாம் ஒரு மாதத்தில் அமைந்துவிடும். யார் விற்கலாம், யார் விற்கக் கூடாது என்பதை மட்டும் முதல் கடை போடுவதற்கு முன்பே எழுதி, சேருகிற எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மண்டிச் சரக்கு (மொத்த வியாபாரியிடம் வாங்கியது) உள்ளே வந்துவிடும். அப்புறம் உங்கள் சந்தைக்கும் ரோட்டோரக் கடைக்கும் வித்தியாசமே இருக்காது.

எங்கள் விதி ஒரே வரிதான்: தன் காட்டில் விளைந்ததை, தானோ தன் வீட்டு ஆளோ வந்து விற்க வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே வைத்த விதி இது. அங்கே விவசாயியின் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்துப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள், இடைத்தரகருக்கு இடமில்லை. நம்முடையது தனிச் சந்தை என்றாலும் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். பெயர், தோட்டம் இருக்கும் ஊர், எத்தனை ஏக்கர், தண்ணீர் கிணறா போரா பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலா, என்ன பயிர், எப்போது நட்டது, எந்த மாதம் காய்க்கு வரும். பட்டா இருந்தால்தான் சேர்ப்போம் என்று மட்டும் சொல்லாதீர்கள். குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் பெயரில் பட்டா இருக்காது, ஆனால் ராத்திரியெல்லாம் தண்ணீர் கட்டுகிறவர்கள் அவர்கள்தான். நிலத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியைக் காட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

போய்ப் பார்ப்பது என்றால் உண்மையாகவே போய்ப் பார்க்க வேண்டும். சேருவதற்கு முன்னால் ஒரு தடவை, அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் வருஷத்துக்கு இரண்டு தடவை. இன்னொரு விவசாயியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குப் பயிரைப் பார்த்ததுமே கணக்குத் தெரிந்துவிடும். அரை ஏக்கர் கத்தரியில் எத்தனை பறிப்பு, ஒரு பறிப்புக்கு எத்தனை கிலோ என்று அவர் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். வாராவாரம் கடையில் இறங்குவது அதைவிட அதிகமாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். பல்லடத்துக் காட்டில் ஊட்டி கேரட் விளையாது, அதைக் கண்டுபிடிப்பது சுலபம். சின்ன வெங்காயத்தில்தான் கவனம் வேண்டும். அறுவடை முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒருவர் வெங்காயம் கொண்டுவந்தால் உடனே சந்தேகப்பட்டுவிடக் கூடாது, பட்டறை போட்டு (காற்றோட்டமாக அடுக்கிச் சேமித்து) வைத்திருப்பார். நேரில் போய்ப் பட்டறையைப் பாருங்கள், ஒரு பக்கம் பிரித்திருக்கிறதா, எத்தனை மூட்டை குறைந்திருக்கிறது என்று தெரியும்.

எங்களுக்கு இதில் ஒரு அடி விழுந்தது. எல்லோருக்கும் பிடித்த ஒருவர், முதல் வாரத்திலிருந்து எங்களோடு இருந்தவர், தக்காளி ஓய்ந்த பிறகும் வாராவாரம் நான்கு டிப்பர் (தக்காளிப் பெட்டி) இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டபோது, "வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மனசில்லைங்க, அதான் மண்டியில எடுத்துட்டு வந்தேன்" என்றார். மனசு நல்ல மனசுதான். ஆனால் பக்கத்துக் கடையில் சொந்தக் காயை வைத்திருந்த அம்மாவுக்கு அன்று பாதிகூட விற்கவில்லை. நாங்கள் தயங்கித் தயங்கி ஐந்து வாரம் விட்டுவிட்டோம், அதற்குள் இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை ஒரு மாதம் கடை கிடையாது, மூன்றாவது தடவை வெளியே. யாராக இருந்தாலும் இதுதான். காய் இல்லாத வாரம் வராமல் இருக்கலாம், அதற்காக இடம் போய்விடாது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். இடம் போய்விடுமோ என்ற பயம் இருந்தால்தான் மண்டிக்குப் போகத் தோன்றும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வர முடியாமல் காயைக் கொடுத்தனுப்பினால்? ஒருவருடையதை மட்டும் விடுகிறோம், அவரும் நம்மிடம் பதிந்தவராக இருக்க வேண்டும், யார் காய் என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

இடம் ஊராட்சியுடையது என்றால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஊரில் ஏற்கெனவே வாரச்சந்தை கூடினால் சுங்கம் வசூலிக்க ஏலம் எடுத்தவர் இருப்பார், அதே நாளில் நீங்களும் கடை போட்டால் வம்புதான். வேறு கிழமை பாருங்கள். கட்டணம் கடைக்கு ஒரே தொகையாக இருக்கட்டும். நாங்கள் 50 ரூபாய் வாங்குகிறோம், ஒரு கூடைக் கீரையோடு வரும் ஆத்தாவுக்கு 10 ரூபாய். விற்பனையில் பங்கு கேட்டால் நாமும் கமிஷன்காரர் ஆகிவிடுவோம்.

தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. வாசலில் சந்தைக்குப் பொதுவாக ஒரு தராசு வைத்துவிடுங்கள், சந்தேகம் இருப்பவர் எடை போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். பச்சைக் காய் விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை, ஆனால் செக்கு எண்ணெய், ஊறுகாய், முறுக்கு கொண்டுவருகிறவர்களுக்குத் தேவை. சின்ன அளவில் செய்கிறவர்களுக்குப் பதிவுக் கட்டணம் கொஞ்சம்தான், நீங்களே உட்கார்ந்து போட்டுக் கொடுத்துவிடுங்கள். "இயற்கை" என்று பலகை வைப்பவரிடம் சான்றைக் கேளுங்கள். இல்லையென்றால் "மருந்து அடிக்கவில்லை" என்று அவர் வாயால் சொல்லி விற்கட்டும், பலகை வேண்டாம். கேரி பை 2019 ஜனவரியிலிருந்தே தடை, மஞ்சப்பைக் கடை ஒன்று போட்டுவிடுங்கள்.

விலைதான் கடைசி, அதுதான் கஷ்டம். காலை ஆறு மணிக்குப் பக்கத்து உழவர் சந்தையின் விலைப் பலகையைப் பார்த்து, நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒவ்வொரு காய்க்கும் கீழ்விலை ஒன்று பேசிக்கொள்கிறோம். மேலே எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், கீழே போகக் கூடாது. பத்து மணிக்குக் கூடையைக் காலி செய்ய ஒருவர் பாதி விலைக்குக் கூவ ஆரம்பித்தால், அடுத்த வாரம் எல்லோரும் ஒன்பதரைக்குத்தான் வாங்க வருவார்கள். மீந்த காயைப் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டும் வாரங்களில், தக்காளிக்கடை அதிகமாகிவிட்டது என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த வாரங்களில் கடை வாடகையை விட்டுவிடுங்கள், தொக்கு போடுகிற பெண்கள் குழுவுக்கு முந்தின நாளே போன் போட்டுச் சொல்லி வையுங்கள், டிப்பர் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.