எட்டுத் தட்டு, நான்கு ஆடு

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் சித்திரை, வைகாசியில் பச்சையாகக் கண்ணில் படுவது வேலிக்கருவை மட்டும்தான். என்னிடம் கன்னி இன ஆடுகள் நான்கு இருக்கின்றன. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. கடலைக்கொடியும் சோளத்தட்டையும் படப்பில் கிடக்கின்றன. ஆனாலும் காய்ந்ததையே மென்று சலித்த வாய்க்கு ஒரு பிடி பச்சை வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் பின்வராந்தாவில் மக்காச்சோளத்தை முளைகட்டி வளர்க்கிறேன்.

மக்காச்சோளம் என்று அழுத்திச் சொல்கிறேன். கடையில் வெறுமனே சோளம் என்று கேட்டு, வெள்ளைச் சோளத்தை வாங்கி வந்து முளைக்கப் போட்டுவிடாதீர்கள். இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டு; தின்ற ஆடு மூச்சுத் திணறி விழுந்துவிடும். என் மாமியாருக்கு சயனைடு என்ற சொல் தெரியாது, ஆனால் சோளக்குருத்துப் பக்கம் ஆட்டை விடவே மாட்டார். விதைக்கடைப் பொட்டலமும் வேண்டாம். அதில் சிவப்பாக ஏறியிருப்பது மருந்து. களத்தில் அடித்த புதுத் தானியமாகக் கேட்டு வாங்குங்கள். நூறு மணியை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அந்த மூட்டை கோழிக்கு அரைக்கத்தான் ஆகும்.

ஒரு தட்டுக்கு அரைக் கிலோ எடுத்துக்கொள்கிறேன். தட்டு ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம். மிதக்கும் பொக்கையையும் உடைந்த மணியையும் நீக்கிவிட்டு, கலங்கல் போகும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஊறப்போட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு வடித்து, ஈரப் பருத்தித்துணியில் மூட்டையாகக் கட்டி ஒரு நாள் வைக்கிறேன். அவிழ்க்கும்போது வெள்ளை வேர் மூக்கை நீட்டியிருக்கும். மூட்டைக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதைத் தட்டில் அரை அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். அதற்குமேல் குவித்தால் அடியில் வெந்துபோகும்.

தட்டின் அடியில் கட்டாயம் ஓட்டை வேண்டும். ஒரு பக்கத்துக்கு மரச்சக்கை முட்டுக்கொடுத்துச் சற்றே சாய்த்து வைத்தால் தண்ணீர் தங்காது. காலை முதல் இருட்டும்வரை மூன்று மணிக்கொரு முறை கைத்தெளிப்பானால் நனைக்கிறேன். வடிகிற தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகிறது. நேர் வெயில் ஆகாது, பச்சை வலை நிழல் போதும். எலிக்கும் காகத்துக்கும் சேர்த்து அந்த வலையே காவல்.

இனி பூசணம். இந்த வேலையில் பாதி அதோடு மல்லுக்கட்டுவதுதான். மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளையாக மயிர்போல் தெரிந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் அது படிந்து மறைந்தால் வேர்த்தூவி. மறையாமல் சிலந்திவலைபோல் நின்றாலோ, கறுப்பும் பச்சையுமாகப் பொடி கட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ அது பூசணம். முதல் வருடம் ஒரு தட்டில் ஒரு மூலையில்தான் கறுத்திருந்தது. அந்த மூலையைக் கிள்ளியெறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டேன். மூத்த ஆடு இரண்டு நாள் கழிச்சலில் கிடந்தது. இப்போது ஒரு மூலை கறுத்தாலும் முழுத் தட்டையும் குழியில் புதைத்துவிடுகிறேன். கோழி கிளறும் இடத்தில்கூடக் கொட்டுவதில்லை. காலியான தட்டை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தேய்த்து, நன்றாக அலசி, ஒரு முழு நாள் வெயிலில் காயவைக்கிறேன். நாளுக்கு ஒரு தட்டு என்று போடுவதால் ஏழு தட்டு வளர, ஒரு தட்டு காய. ஆகவே எட்டு.

ஏழாம் நாள் ஒரு சாண் உயரம் வந்துவிடும். வேர்கள் பின்னிக்கொண்டு தட்டே கோரைப்பாய்போல் ஒரே துண்டாகக் கையோடு வரும். வேரோடு பிய்த்துப் போடலாம். அரைக் கிலோ போட்ட தட்டில் இரண்டரை, மூன்று கிலோ நிற்கும். அரைக் கிலோ மூன்று கிலோவாகிவிட்டது என்று கணக்குப் போட்டு மகிழாதீர்கள். கூடியது தண்ணீர்; உலர்ந்த சத்தை எடைபோட்டால் தானியத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இதை நம்பிச் சோளத்தட்டையை நிறுத்தினால் ஆடு இளைக்கும். முதலில் சோளத்தட்டை, அது வயிற்றில் விழுந்த பிறகு ஆட்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலாக இந்தப் பச்சை. புதிதாகப் பழக்கும்போது ஒரு கைப்பிடியில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள்.

ஐப்பசி மழை விழுந்து தரிசில் புல் தலைகாட்டியதும் எட்டுத் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.