மதுவால் சமூகத்துக்கு எவ்வளவு இழப்பு? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுவால் ஆண்டுக்கு இத்தனை கோடி இழப்பு என்று ஒரு தொகை வெளியானதும், வரியாக வரும் வருவாயைக் காட்டி, "இதைக் கழித்தால் லாபம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் தவறு இதுதான். வரி என்பது குடிப்பவரின் பையிலிருந்து அரசின் பைக்குப் போகும் பணம். அதனால் சமூகத்தின் மொத்த வளம் கூடுவதில்லை. கருவூலத்துக்கு லாபமா நட்டமா என்று பார்க்கும்போது வரியைச் சேர்க்கலாம். சமூகத்தின் இழப்பைப் பார்க்கும்போது சேர்க்கக் கூடாது.

அடுத்தது, மருத்துவமனைச் செலவோடு நின்றுவிடுவது. அளவுக்கு மீறிய குடியால் 2010-இல் அமெரிக்காவுக்கு ஏற்பட்ட இழப்பு 249 பில்லியன் டாலர் என்று அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டது. அதில் மருத்துவச் செலவு 11 சதவீதம்தான். 72 சதவீதம், வேலைக்கு வராததாலும், வந்தும் சரியாக வேலை செய்ய முடியாததாலும், இளம் வயதுச் சாவுகளாலும் வந்த உற்பத்தி இழப்பு.

இந்த உற்பத்தி இழப்பை அளப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். இறந்தவர் ஓய்வுபெறும் வயதுவரை ஈட்டியிருக்கக்கூடிய சம்பளம் முழுவதையும் கூட்டுவது ஒரு முறை. அவர் இடத்துக்கு வேறொருவர் வந்து பழகும்வரை ஆகும் நட்டத்தை மட்டும் எடுப்பது இன்னொரு முறை. இரண்டும் தரும் தொகைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருக்கும். எந்த முறை என்று சொல்லாமல் இரு நாடுகளின் தொகைகளை அருகருகே வைப்பதில் பொருளே இல்லை. சம்பளத்தை மட்டும் பார்த்தால் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உயிருக்கும் முதியவரின் உயிருக்கும் மதிப்பே இல்லாமல் போய்விடும். சரி, உயிருக்கே தனியாக ஒரு மதிப்புப் போடலாம் என்றால், அதோடு இழந்த சம்பளத்தையும் கூட்டக் கூடாது. அது ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணுவது.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. குடிப்பவர் தெரிந்தே ஏற்கும் செலவு அவருடைய சொந்த விஷயம், மற்றவர் மீது விழுவதே சமூகத்தின் செலவு என்று பொருளாதாரத்தில் பிரிப்பார்கள். பழைய ஆய்வுகள் சில குடும்பத்தையே ஒரே ஆளாகக் கொண்டுவிட்டன. அப்படிச் செய்தால் மனைவி வாங்கும் அடியும், பிள்ளையின் படிப்பு நின்றுபோவதும் 'சொந்தச் செலவு' ஆகிவிடும். அவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. குடிக்கு அடிமையானவரின் குடியையும் முழுக்க அவர் விருப்பம் என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம், காரணத்தைப் பிரிக்கும் இடம். குற்றம் செய்தவர் குடித்திருந்தார் என்பதாலேயே அந்தக் குற்றத்துக்குக் குடிதான் காரணம் என்று ஆகாது. குடி இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று கருத இடமுள்ள பங்கையே சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. உடல் கெட்டதால் குடியை விட்டவர்களைக் 'குடிக்காதவர்' பட்டியலில் சேர்த்தால், அளவாகக் குடிப்பவர்கள் உண்மையில் இருப்பதைவிட ஆரோக்கியமாகத் தெரிவார்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் மக்கள் குறைத்தே சொல்வார்கள் என்பதால், கணக்கெடுப்பை விற்பனை அளவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். கள்ளச்சாராயம் விற்பனைக் கணக்கிலும் வராது.

மொத்த இழப்பு முழுவதையும் ஒரு சட்டத்தால் மிச்சப்படுத்திவிடலாம் என்று நினைப்பதும் தவறு. இன்றே எல்லோரும் நிறுத்தினாலும், பழைய குடியால் வரும் ஈரல் நோயும் புற்றுநோயும் சில ஆண்டுகள் தொடரும். சராசரியும் ஏமாற்றும். அந்த அமெரிக்க மதிப்பீட்டில் ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 2 டாலர் இழப்பு வந்தது. ஆனால் மொத்த இழப்பில் முக்கால் பங்குக்கு, ஒரே அமர்வில் மிதமிஞ்சிக் குடிப்பதே காரணம்.

ஆகவே கொள்கை வகுப்பவர், இந்த நடவடிக்கையை எடுத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்க வேண்டும். ஸ்காட்லாந்து 2018-இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தபோது, அந்த விலை இல்லாத இங்கிலாந்தோடு ஒப்பிட்டு விளைவை அளந்தார்கள். மதுவால் மட்டுமே நேரும் சாவுகள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வந்த மதிப்பீடு சொன்னது. அடுத்த ஆண்டு அந்த விலை ஓர் அலகுக்கு (10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹாலுக்கு) 50 பென்ஸிலிருந்து 65 பென்ஸாக உயர்ந்தது.