ஃபேன் மாற்றியதில் கரண்ட் மிச்சமா? மீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பழைய சீலிங் ஃபேனுக்குப் பதில், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் மாட்டியதும் அடுத்த பில் குறைந்தால், உடனே மிச்சம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கத்திரி வெயில் பில்லோடு ஐப்பசி மழைக்கால பில்லை ஒப்பிட்டால், எதையும் மாற்றாத வீட்டிலும் குறைந்துதான் இருக்கும்.

முதலில் பில். ரூபாயை விடுங்கள், ஸ்லாப் (யூனிட் கூடக்கூட ஏறும் கட்டணப் படி) மாறினால் தொகை தாறுமாறாகும். யூனிட்டை, இரண்டு ரீடிங்குக்கும் இடைப்பட்ட நாட்களால் வகுங்கள். கடலூரில் இரண்டு மாதத்துக்கொரு ரீடிங். தேதி முன்னே பின்னே போகும். 66 நாளில் 420 யூனிட் என்றால் நாளைக்கு 6.36. அடுத்த 58 நாளில் 390 என்றால் 6.72. பில் குறைந்திருக்கிறது, உபயோகம் கூடியிருக்கிறது! போன வருடத்தின் இதே மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும். புதுச்சேரியில் மாதாமாதம் பில் என்பதால் அங்கே இது சற்றுச் சுலபம்.

இதைவிட நம்பகமானது மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு. பழைய ஃபேனைக் கழற்றும் முன்பே ஒருமுறை அளந்துவிடுங்கள். கழற்றிய பிறகு வழியில்லை. யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ், அதாவது எத்தனை மின்னல், என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்: 1600, 3200 என்று. ஃப்ரிட்ஜ், டிவி, மோடம் எல்லாவற்றையும் அணையுங்கள். அப்போதும் மின்னினால் அந்த வாட்டை அளந்து, பிறகு கழித்துக்கொள்ளுங்கள். இப்போது ஃபேன்களை மட்டும் போட்டு, ஒரு மின்னலில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். அந்த முதல் மின்னல் பூஜ்யம். அதை ஒன்று என்று எண்ணுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. 1600 மீட்டரில் 10 மின்னலுக்கு ஆன நொடிகளால் 22,500-ஐ வகுத்தால் வாட் கிடைக்கும் (3200 என்றால் 11,250). பழைய ஃபேன் இரண்டுக்கு 150 நொடி என்றால் 150 வாட். புதிது இரண்டுக்கு 375 நொடி என்றால் 60 வாட். தினம் 12 மணி நேரம், 60 நாள் ஓடினால் சுமார் 65 யூனிட் மிச்சம்.

ஆனால் நீங்கள் எப்போதும் ரெகுலேட்டரை 3-ல் வைத்துத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் 3-லேயே அளக்க வேண்டும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் குறைத்து ஓடும் பழைய ஃபேன் அவ்வளவு இழுக்காது, மிச்சமும் சுருங்கிவிடும். கரண்ட் போய் வந்த கையோடு அளக்காதீர்கள், இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றி வாட்டையும் குறைத்துக் காட்டும். அதனால் இரண்டு முறையும் ஒரே நேரத்தில் அளங்கள்.

ஏசிக்கு இந்த வித்தை உதவாது, கம்ப்ரசர் ஏறி இறங்கும். 16 ஆம்பியர் பிளக் மீட்டரை (சாக்கெட்டுக்கும் ஏசி பிளக்குக்கும் நடுவே மாட்டி யூனிட் பார்க்கும் கருவி) செருகி, மாற்றும் முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம், அதே 26 டிகிரியில் வைத்து, யூனிட்டையும் ஓடிய மணியையும் எழுதுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 6 ஆம்பியர் மீட்டரில் ஏசியைச் செருகினால் பிளக் உருகும்.