அழகர்மலையை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாள் திட்டம்

மதுரைக்காரர்களிடம் அழகர்கோவில் போயிருக்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். மொட்டை போட்டதே அங்கேதான் என்பார்கள். அழகர்மலை பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள், கொஞ்சம் யோசிப்பார்கள். பெருமாளைச் சேவிப்பது, பிரசாதத் தோசை வாங்குவது, நேரமிருந்தால் மேலே போய் முருகனை எட்டிப் பார்ப்பது, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது. இதுதான் வழக்கம். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் போய் வந்தேன். அந்த மலையின் இன்னொரு பக்கத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எழுத்து பாறையில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர்தான். கிழக்குத் தொடர்ச்சி மலை தெற்கே வர வர அறுந்து துண்டு துண்டாகிவிடுகிறது. சிறுமலை, கரந்தமலை, அழகர்மலை எல்லாம் அந்தத் துண்டுகள். கொடைக்கானல் மாதிரி குளிரும் என்று ஸ்வெட்டர் எடுத்து வராதீர்கள். வெயிலில் இலை உதிர்க்கிற காடு இது. மழை பெய்தால் ஒரே வாரத்தில் பச்சையாகிவிடும்.

வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். எல்லோரும் கீழே தொடங்கி, களைத்துப்போய் மேலே ஏறுகிறார்கள். நீங்கள் காலையிலேயே மேலே போய்விட்டு, ஊற்றுத் தண்ணீர் இறங்குகிற மாதிரி மெல்லக் கீழே வாருங்கள். இந்த மலையில் எல்லாமே அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதலில், நாள் பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மாசி வரைக்கும் நல்ல காலம். சித்திரையில் போனால் இரண்டு தொல்லை: ஒன்று வெயில். இரண்டாவது, திருவிழா சமயமாக இருந்தால் அழகரே வீட்டில் இருக்க மாட்டார், வைகையில் இறங்க மதுரைக்கு வந்திருப்பார். ஆடி அமாவாசை, கந்த சஷ்டி, பௌர்ணமி நாட்களில் கூட்டம் நெரியும். மலையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண வாரநாள்தான் சரி.

மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் டவுன் பஸ் இருக்கிறது. புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று அழகர்கோவில் சாலையிலேயே நேராகப் போகும். ஆறு மணிக்குள் ஏறிவிடுங்கள். பெருமாள் கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதை மனதில் வைத்துத்தான் இந்தத் திட்டம் முழுவதும்.

பையில் என்ன? ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு, மாற்றுத் துணி, சில்லறை, சின்ன டார்ச் லைட். டார்ச் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். பை தோளில் மாட்டுகிற, ஜிப் வைத்த பையாக இருக்க வேண்டும். கையில் கேரிபேக் தொங்கவிட்டால் அது உங்களுடையது இல்லை, குரங்குடையது. ஒருமுறை என் சித்தி பழப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். பழத்தைக் கேட்க வந்த குரங்கு போகிற போக்கில் கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அரை மணி நேரம் கெஞ்சி, ஒரு கொய்யாவைக் கொடுத்து மீட்டோம். அந்தக் கொய்யா கொடுத்ததும் தப்பு என்று இப்போது தெரிகிறது. அப்படிப் பழக்கியது நாம்தான்.

மலையேறும் முன், கருப்பனிடம் ஒரு வார்த்தை

வரிசையை மாற்றச் சொன்னேனே தவிர, இதை மாற்றச் சொல்லவில்லை. பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிடாமல் காட்டுக்குள் கால் வைக்காதே என்பாள் என் அப்பத்தா.

கோயிலின் ராஜகோபுர வாசலில் போய் நில்லுங்கள். சிலை தேடாதீர்கள், கிடையாது. சந்தனம் பூசி, மாலை சாத்தி, அடைத்துக் கிடக்கிற அந்தப் பெரிய கதவுதான் சாமி. அழகரின் சக்தியைக் கவர்ந்துகொண்டு போக மலையாள தேசத்திலிருந்து வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் பிடிபட்டு, பதினெட்டுப் படிகளுக்கு அடியில் புதைக்கப்பட்டார்கள், அவர்களோடு வந்த கருப்பன் அழகரின் அழகில் மயங்கிக் காவலாளி ஆகிவிட்டார் என்பது கதை. அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது நகைக் கணக்கை இவர் முன்னால் வாசித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கடன் தகராறு, நிலத் தகராறு என்றால் இன்றைக்கும் இங்கே வந்து சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்ய வேறு ஊர்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கதவு அடைத்தே இருப்பதால் கோயிலுக்குள் போவதற்குப் பக்கத்தில் வண்டி வாசல். இப்போது உள்ளே போக வேண்டாம். மேலே போகிற வண்டியைப் பிடியுங்கள்.

நூபுர கங்கை

மலைச்சாலையில் பழமுதிர்சோலையைத் தாண்டி, வண்டி போகிற கடைசி வரைக்கும் போய்விடுங்கள். அங்கிருந்து கொஞ்சம் படி ஏறினால் ராக்காயி அம்மன் சந்நிதி. அவள் காலடியில்தான் ஊற்று. நூபுரம் என்றால் சிலம்பு. உலகளந்த பெருமாள் காலைத் தூக்கியபோது பிரம்மா அந்தப் பாதத்தைக் கழுவ, சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் இங்கே விழுந்தது என்பார்கள். பழைய பெயர் சிலம்பாறு. மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம், இடப்பக்க வழியில் போனால் திருமால்குன்றம் வரும், அங்கே ஒரு குகையும் மூன்று பொய்கைகளும் சிலம்பாறும் உண்டு என்று மாங்காட்டு மறையோன் சொல்வதாகச் சிலப்பதிகாரத்தில் வருகிறது. வழி சொல்கிற வேலையில் எனக்கு முன்னோடி அவர்தான்.

தீர்த்தமாடச் சீட்டு வாங்க வேண்டும். தண்ணீர் தலையில் விழும்போது முதல் இரண்டு நொடி மூச்சு நிற்கும், அப்புறம் வெளியே வர மனசு வராது. சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம். கீழே இருக்கிற சுந்தரராஜப் பெருமாளுக்கு, அதாவது அழகருக்கு, திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

பழமுதிர்சோலை, நடந்தே இறங்குங்கள்

திரும்பி வரும்போது வண்டி வேண்டாம். முருகனின் ஆறாவது படைவீடு வழியிலேயே இருக்கிறது. வள்ளி தெய்வானையோடு நிற்கிறார். சின்னக் கோயில், சீக்கிரம் தரிசனம் முடிந்துவிடும். சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையைக் கேட்ட நாவல் மரத்தையும் காட்டுவார்கள்.

அங்கிருந்து பெருமாள் கோயில் சுமார் மூன்று கிலோமீட்டர், இறக்கம். இந்த நடைதான் நாளின் நல்ல பகுதி என்பேன். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், இது காப்புக்காடு. பேச்சைக் குறைத்தால் காடு பேசுவது கேட்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மட்டும் வண்டியில் அனுப்பிவிடுங்கள். ஏற்றத்தை விட இறக்கம்தான் மூட்டைப் பதம் பார்க்கும்.

பெருமாளும் அவர் கோட்டையும்

பதினொரு மணிக்குள் கீழே வந்துவிட்டால் நிம்மதி. 108 திவ்யதேசங்களில் இது திருமாலிருஞ்சோலை. கருவறை விமானம் வட்ட வடிவம், சோமசந்த விமானம் என்று பெயர். நம் பக்கத்துக் கோயில்களில் வட்டமான விமானம் அதிகம் பார்க்கக் கிடைக்காது, அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். கல்யாண மண்டபத் தூண்களில் இரணியனைக் கிழிக்கிற நரசிம்மர், ரதி, மன்மதன் என்று நாயக்கர் காலச் சிற்பங்கள். நரசிம்மர் முன்னால் ஐந்து நிமிஷமாவது நில்லுங்கள்.

வெளியே வந்ததும் எல்லோரும் தோசைக்குப் போவார்கள். நீங்களும் போங்கள், ஆனால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியும் தோல் உளுந்தும் ஊற்றுத் தண்ணீர் விட்டு அரைத்து, மிளகு, சுக்கு சேர்த்து நெய்யில் வேகவைத்த கனத்த தோசை. ஹோட்டல் தோசையை நினைத்துக் கடித்தால் ஏமாற்றமாக இருக்கும். மெதுவாகப் பிட்டுச் சாப்பிட வேண்டிய பண்டம் இது.

சுற்றிலும் கோட்டை மதில் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு. மதிலுக்குள்ளேயே முடிக்காமல் விட்ட ராயகோபுரம் மொட்டையாக நிற்கிறது. திருமலை நாயக்கர் கட்டத் தொடங்கியது என்பார்கள். முடிந்த கோபுரத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டிய வேலைப்பாடு இதில் கண்ணுக்கு நேராகவே இருக்கிறது. வசந்த மண்டபம் திறந்திருந்தால் அதிர்ஷ்டம்: விதானத்தில் இராமாயணக் காட்சிகள் வரிசையாகத் தீட்டியிருக்கும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

மலைக்குப் பின்னால்: கிடாரிப்பட்டி

சாப்பிட்டு, மரத்தடியில் கொஞ்சம் சாய்ந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள். மேலூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால் கிடாரிப்பட்டி. ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது, காத்திருந்து கூட்டிவரவும் சேர்த்தே பேசுங்கள். ஊருக்குள் சமணர் குகை என்று கேட்டால் முழிப்பார்கள். பஞ்சபாண்டவர் படுக்கை எங்கே என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். பாண்டவருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நம் ஊரில் பாறையில் படுக்கை வெட்டியிருந்தால் அது பாண்டவர் படுக்கைதான்.

பாறை ஏற்றம் கொஞ்சம் உண்டு. செருப்பு வழுக்கும், ஷூ நல்லது. தனியாகப் போக வேண்டாம்.

மேலே பெரிய குகைத்தளம். வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போல மேடு, உள்ளே ஒரு சுனை. இங்கேயும் தண்ணீர்தான் ஆளைக் கூட்டி வந்திருக்கிறது. குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாமல் இருக்க நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். அதை ஒட்டித்தான் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து.

முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. பாறைக் கீறல் என்று நினைத்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு. இங்கேதான் டார்ச். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில், பாறையை ஒட்டிப் பிடியுங்கள், வெட்டு நிழல் கட்டி எழுந்து வரும். முதலில் கூட்டல் குறி மாதிரி இருப்பதைத் தேடுங்கள். அதுதான் 'க'. அது கிடைத்துவிட்டால் 'வணிகன்' என்ற சொல்லைப் பிடித்துவிடலாம், ஏனென்றால் இங்கே சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களில் பலர் வியாபாரிகள். உப்பு வணிகன் இருக்கிறான். அறுவை வணிகன், அதாவது துணிக்காரன், இருக்கிறான். கொழு வணிகன், பணித வணிகன் என்று கலப்பைக் கொழு விற்றவனும் வெல்லப்பாகு விற்றவனும் இருக்கிறார்கள். இவர்களோடு 'மதிரை பொன்கொல்வன்', மதுரைத் தட்டார். நம் ஊர்ப் பெயர் மதிரை என்று வெட்டியிருப்பதைப் பார்த்தபோது, மாசி வீதிக் கடைப் பலகைகளை வாசிக்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

இதற்கு ஆயிரம் ஆண்டு பிந்தி வந்த அச்சணந்தி என்ற சமணத் துறவியின் செயல் என்று வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் குறிப்போடு ஒரு புடைப்புச் சிற்பமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேலேயும் நம் ஆட்கள் காதல் சின்னம் கிறுக்கியிருந்தால் கோபப்படாமல் இருக்கப் பாருங்கள், என்னால் முடியவில்லை. எழுத்தைத் தெளிவாக்க சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம்.

இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பொய்கைக்கரைப்பட்டி தெப்பக்குளத்தையும் பார்த்துவிடலாம். மாசிப் பௌர்ணமிக்கு அழகர் தெப்பம் வருகிற குளம். தண்ணீர் கிடந்தால் நடு மண்டபத்தோடு மலையும் அதில் தெரியும். படியில் உட்கார்ந்து, பையில் இருக்கிற தோசையை இப்போது எடுங்கள். அங்கே குரங்கு கொஞ்சம் குறைவு.