கள்ள ஓட்டு விழாம தடுக்க வேலூர் பக்கத்து ஜனங்க செய்ய வேண்டியது

கள்ள ஓட்டுன்னாலே ஓட்டு போடற அன்னிக்கு நடக்குற விஷயம்னு நினைக்கிறோம், ஆனா அதுக்கு கதவு பல மாசம் முன்னாடியே வாக்காளர் லிஸ்ட்ல திறந்து கிடக்குது. பெங்களூருக்கு வேலைக்கு போய் அங்கியே தங்கிட்டவங்க, கல்யாணமாகி ஆம்பூர்லேர்ந்து குடியாத்தம் போன பொண்ணு, செத்துப்போன தாத்தா, இவங்க பேரெல்லாம் பழைய பூத்துலயே இருந்தா வேற ஆளு வந்து போடறதுக்கு அதுங்க தான் வசதி. 2019ல வேலூர் எம்.பி. தேர்தல் பணம் பிடிபட்டதால ரத்தாகி ஆகஸ்ட் 5ல நடந்துச்சு இல்ல, அதுல ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் 8,141 ஓட்டு, ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து. பிரிச்சு பாத்தா பூத்துக்கு பத்து ஓட்டு கூட வராது.

அதனால மொதல்ல உங்க வீட்டு ஆளுங்க பேர வாக்காளர் லிஸ்ட்ல பாருங்க. வீடு மாறியிருந்தா படிவம் 8, இறந்தவங்க பேர எடுக்க படிவம் 7, புதுசா சேர 6. உங்க பூத் லெவல் ஆபீசர்கிட்டயே குடுக்கலாம், ஆன்லைன்லயும் போடலாம், சந்தேகம்னா 1950க்கு போன் பண்ணுங்க. 2025 கடைசில வந்த வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தத்துக்கு (SIR) அப்புறம் பேர் இருக்கான்னு பாக்காதவங்க கண்டிப்பா பாத்துடுங்க.

ஓட்டு அன்னிக்கு காலைலயே போயிடுங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டா தான் வேற எவனாவது உங்க பேர்ல போட நேரம் கிடைக்குது. பூத் சிலிப் மட்டும் எடுத்துட்டு போனா பத்தாது, வாக்காளர் அட்டையோ ஆதார், லைசென்ஸ் மாதிரி போட்டோ உள்ள அடையாளமோ வேணும்.

வேட்பாளர் சார்பா பூத் ஏஜென்ட்டா உக்கார்றவங்களுக்கு தான் முக்கியமான வேலை. மொத ஆபீசர் வரிசை எண்ணையும் பேரையும் சத்தமா படிப்பார், அப்போ போன நோண்டாம உங்க லிஸ்ட்ல டிக் பண்ணிக்கினே ஆளோட முகத்த பாருங்க. ஆளு வேறன்னு தெரிஞ்சா அவரு ஓட்டு போடறதுக்கு முன்னாடி சேலஞ்ச் பண்ணணும், ரெண்டு ரூபா கட்டணும், அவ்ளோதான். தலைமை அலுவலர் விசாரிச்சு ஆள்மாறாட்டம்னு உறுதியானா போலீஸ்ல ஒப்படைப்பார், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் கூட உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் புர்கா போட்ட அம்மாக்கள சரிபாக்க பெண் அலுவலர் வேணும்னு முன்கூட்டியே கேளுங்க, ஏஜென்ட் யாரும் நேரா போய் முகத்த காட்டச் சொல்லி சண்டை போடக்கூடாது, அது தப்பு, அவங்கள ஓட்டு போடாமயே திரும்ப வெச்சிடும்.

சரி, நீங்க போறதுக்குள்ள உங்க ஓட்ட யாரோ போட்டுட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. அழுதுக்கினு திரும்பி வராதீங்க, விதி 49P படி டெண்டர் ஓட்டு வேணும்னு கேளுங்க. நீங்க யாருன்னு நிரூபிச்சிட்டா மெஷின்ல இல்லாம பேப்பர் சீட்டுல முத்திரை குத்த விடுவாங்க, அத தனிக் கவர்ல வெச்சு 17B படிவத்துல எழுதி உங்க கையெழுத்து வாங்குவாங்க. சாதாரணமா எண்ணும்போது இது சேராது, ஆனா வழக்குன்னு கோர்ட்டுக்கு போனா இது தான் ஆதாரம், அதனால விட்டுடாதீங்க.

பூத் மூடுனதும் ஏஜென்டுங்க 17C படிவத்தோட நகல வாங்காம எழுந்திருக்க வேணாம். மெஷின்ல பதிவான மொத்த ஓட்டு அதுல இருக்கும், எண்ணுற அன்னிக்கு அந்த மெஷின் காட்டுற நம்பரோட ஒத்து பாருங்க, ஒரு ஓட்டு மாறினாலும் அங்கியே எழுத்துல புகார் குடுங்க.